பெரியம்மாவின் முறை

இரவு ஷிஃப்ட் முடிந்து பினாங்குப் பாலத்தில் வீடு திரும்பும்போதுதான் அந்த எண்ணம் வரும். பிறைப் பக்கம் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அப்படியே போய்க்கொண்டே இருந்தால் என்ன? வடக்கே போனால் தாய்லாந்து எல்லை, தெற்கே போனால் சிங்கப்பூர். எங்கே என்பது முக்கியமில்லை. போக வேண்டும், அவ்வளவுதான். செத்துப்போக வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். யாரும் என்னை எதற்கும் கூப்பிடாத ஓர் இடத்தில் கொஞ்ச காலம் இருக்க வேண்டும் என்ற ஆசை அது.

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 22 வருடமாக வேலை. 12 மணி நேர ஷிஃப்ட். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், 72 வயதுப் பெரியம்மா. வீட்டுக்கு ஒரு கடன், காருக்கு ஒரு கடன். பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே இந்த ஆசையை யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது. கஷ்டப்படுகிறவன் ஓடினால் ஒரு நியாயம் இருக்கிறது, எனக்கு என்ன?

பாலத்தில் வீட்டுப் பக்கம் வரும்போது வலது கையில் ஜெரெஜாக் தீவு தெரியும். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த நம் ஆட்களை நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க அங்கேதான் தடுத்து வைத்திருந்தார்கள். பஞ்சத்திலிருந்து, கடனிலிருந்து, சாதியிலிருந்து, சில பேர் வீட்டிலிருந்தும் ஓடி வந்தவர்கள். ஒரு உலகத்தை விட்டாயிற்று, அடுத்த உலகம் கண்ணெதிரே கடலுக்கு அந்தப் பக்கம் தெரிகிறது, இன்னும் கால் வைக்கவில்லை. அந்த நாட்களில் அவர்கள் மனதில் என்ன இருந்திருக்கும் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். இங்கே இருக்கிற நம்மில் பெரும்பாலோர் அப்படி விட்டுவிட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே. விட்டுப் போகிற ஆசை நம் ரத்தத்தில் இருந்தால் அதில் ஆச்சரியமில்லை.

2012-இல் ஹாலந்து நாட்டில் மார்ஸ் ஒன் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். செவ்வாய்க் கிரகத்துக்கு ஒருவழிப் பயணம், போனால் திரும்பி வர முடியாது, யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். இரவு இரண்டு மணி இடைவேளையில், ஆலையின் கேண்டீனில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, அதைப் பற்றிய செய்தியைக் கைபேசியில் மூன்று முறை படித்தேன். திரும்பி வர முடியாது என்பதைத்தான் எல்லோரும் பயங்கரம் என்றார்கள். எனக்கு அந்த வரிதான் பிடித்திருந்தது. விண்ணப்பிக்கவில்லை. ஆனால் அன்று விடியும்வரை மனசு அங்கேதான் இருந்தது. அந்த நிறுவனம் 2019-இல் திவாலாகிப் போனது. ஒருவர்கூடத் தரையை விட்டுக் கிளம்பவில்லை.

பூமியின் பிடியிலிருந்து விடுபட்டுப் போக விநாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்பார்கள். வீட்டை விட்டுப் போக ஒரு துணிப்பை போதும். எங்கள் வீட்டிலிருந்து அப்படி ஒருவர் போனார்.

அவர் என் பெரியப்பா. செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தேவாரம் பாடுவார். நல்ல குரல் என்பார்கள், எனக்கு நினைவில்லை. 1981-இல் தைப்பூசம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, பினாங்குத் துறைமுகத்தில் சிதம்பரம் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். யாத்திரை போய் வருவதாகத்தான் சொன்னார். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: சன்னியாசம் வாங்கிக்கொள்ளப் போகிறேன், என்னைத் தேட வேண்டாம். பெரியம்மாவுக்கு அப்போது 29 வயது. பெற்றது இரண்டு, கூடவே நான். என் அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார், நான் வளர்ந்ததெல்லாம் பெரியம்மாவிடம்தான்.

தோட்டத்தில் ஆளாளுக்குப் பெரியப்பாவைப் புகழ்ந்தார்கள். "புண்ணியவான், பற்றறுத்துட்டார்" என்றார்கள். 1985-இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்து அந்தப் போக்குவரத்தே நின்றபோது, "கப்பல் இருந்தாத்தானே வருவார்" என்று சில பேர் ஆறுதல் சொன்னார்கள். பெரியம்மாவை என்னவென்று சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. புருஷன் செத்தவளும் இல்லை, புருஷனோடு வாழ்கிறவளும் இல்லை. பொட்டு வைப்பதா எடுப்பதா என்பதற்கே ஒரு பஞ்சாயத்து நடந்ததாம். அவர் பாட்டுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு மறுநாள் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போய் நின்றார்.

அந்தப் பெரியம்மாவைத்தான் எனக்குத் தெரியும். விடிகாலை நாலு மணிக்கு எழுவார். அடுப்பு மூட்டி மூன்று பிள்ளைகளுக்கும் சோறு கட்டி வைப்பார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் இறங்குவார். பால் மரம் வெட்டுவது விடிவதற்கு முன்னால் தொடங்க வேண்டிய வேலை. வெயில் ஏறினால் பால் ஓடாது. பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். முந்தின வெட்டின் மேல் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நாடா மாதிரி இழுத்து எடுப்பார். பிறகு கத்தியைப் பட்டையில் வைத்துச் சாய்வாக ஒரே இழுப்பு. மெல்லிசாகச் சீவல் விழும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது. ஒரு கணம் ஒன்றும் நடக்காது. அப்புறம் வெட்டு நெடுக வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக வியர்க்கும், புள்ளிகள் சேர்ந்து கோடாகும், கோடு வழிந்து மங்குக் கிண்ணத்தில் சொட்டும். முதல் சொட்டைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மரத்துக்கு நகர்வார். அப்படி ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான மரம். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை.

தவம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், எனக்கு முதலில் அந்த நெற்றி விளக்குதான் ஞாபகம் வரும்.

பெரியப்பாவிடமிருந்து பிறகு இரண்டே இரண்டு கடிதங்கள்தான் வந்தன. கடைசிக் கடிதம் திருவண்ணாமலையிலிருந்து. 2016-இல் நான் தமிழ்நாடு போனபோது அங்கே போனேன். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்தேன். பாதை ஓரமெல்லாம் காவி உடுத்திய கிழவர்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன், பெட்டியில் இருக்கும் ஒரே ஒரு கல்யாணப் படத்தின் முகத்தோடு ஒப்பிட்டு. ஓரிடத்தில் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்ற ஒரு சாமியார் தூக்குப் பாத்திரத்தை நீட்டினார். குண்டானுக்குப் பின்னால் நின்ற அம்மா கரண்டியால் அள்ளிப் போட்டார். சாமியார் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார், பாத்திரத்தை விரலால் வழித்தார், எழுந்து போய்விட்டார். அந்த அம்மா புறங்கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாத்திரத்துக்கு அள்ளினார். சாமியாரை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா அங்கே இல்லை. இருந்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

திருக்குறளில் தவம் என்ற அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு கேள்வி கேட்கிறார். துறந்தவர்களுக்குச் சோறு முதலானதைக் கொடுக்க வேண்டுமே என்றுதான் மற்றவர்கள் தவம் செய்வதை மறந்துவிட்டார்களோ? பள்ளியில் இதை ஒரு மதிப்பெண்ணுக்குப் படித்தேன். திருவண்ணாமலையிலிருந்து வந்த பிறகுதான் அது எங்கள் வீட்டைப் பற்றிய கேள்வி என்று புரிந்தது. போகிறவர் போவதற்கு ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த ஒருவருக்கும் போகிற ஆசை இருந்திருக்கலாம். அதை யாரும் கேட்டதில்லை.

விண்வெளிக்குப் போனாலும் இதே கதைதான். நம் மலேசிய நாட்டு டாக்டர் ஷேக் முஸாபர் 2007 அக்டோபரில் கஜகஸ்தானிலிருந்து கிளம்பி அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போய் 11 நாளில் திரும்பினார். அப்போது நோன்பு மாதம். மேலே போனால் எந்தத் திசையைப் பார்த்துத் தொழுவது என்று அவருக்காக இங்கே சமய அறிஞர்கள் உட்கார்ந்து வழிகாட்டி எழுதினார்கள். முடிந்தால் காபாவைப் பார்த்து, முடியாவிட்டால் பூமியைப் பார்த்து, அதுவும் முடியாவிட்டால் எந்தப் பக்கமும் பார்த்து என்று. பெருநாளைக்கு அவர் உடன் இருந்தவர்களுக்கு இங்கிருந்து கொண்டுபோன சாத்தேயும் பலகாரமும் கொடுத்தாராம். அவ்வளவு உயரத்தில் அந்தச் சாத்தே போய்ச் சேர்ந்ததற்குப் பின்னால் கீழே யாரோ சமைத்திருக்கிறார்கள், யாரோ கட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்த ராக்கெட்டைவிட இதுதான் மனதில் நிற்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

போன வருடம் ஆகஸ்ட்டில் ஒரு காலை. இரவு வேலை முடிந்து வந்து குசினி நாற்காலியில் உட்கார்ந்தேன். பெரியம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். மனைவியும் பிள்ளைகளும் கிளம்பிப் போயிருந்தார்கள். அன்றைக்கு என்ன ஆனதோ, வாயை விட்டு வந்துவிட்டது.

"பெரிமா, எல்லாத்தையும் விட்டுட்டு எங்கயாச்சும் போயிடலாம் போல இருக்கு."

தோசைக் கரண்டி அப்படியே நின்றது. அவர் திரும்பவில்லை.

"நீயுமா, தம்பி?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. அதுதான் என்னை அசைத்துவிட்டது. தோசை கருகுகிற வாசனை வந்த பிறகுதான் அவர் அதைப் புரட்டினார். அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். உன் பெரியப்பாவைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா என்று கேட்டார். அதுவரை அவராக அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

"அவர் போனதுக்கு நான் அழுதேன்னு எல்லாரும் நெனச்சாங்க. அழுதேன்தான். ஆனா பாதி அழுகை வேற. எனக்கும் போகணும்னு இருந்துச்சு, அவர் முந்திக்கிட்டாரேன்னு."

மேசை மேல் இருந்த தண்ணீர் வட்டத்தை விரலால் துடைத்துக்கொண்டே சொன்னார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவருக்கு அந்த ஆசை. சாமி அலமாரியில் வெள்ளை முக்காடிட்ட வள்ளலார் படம் அவர் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தது, அதன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு யாரும் எழுப்பாமல் ஒருநாள் முழுக்க உட்கார வேண்டும் என்று. ஐம்பது வருடத்தில் அப்படி ஒருநாள் அமையவில்லை. எங்களை வளர்த்தார், எங்கள் கல்யாணங்களைப் பார்த்தார், என் பிள்ளைகளையும் வளர்த்தார். ஆசை அங்கேயே இருந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. என் ஆசையை நான் எவ்வளவு பெரிதாக நினைத்திருந்தேன்! பக்கத்து அறையில் அதைவிட மூத்த ஆசை ஒன்று வாய் திறக்காமல் இருந்திருக்கிறது.

அந்த வள்ளலார் படத்தை அதற்குப் பிறகு வேறு மாதிரி பார்க்கிறேன். 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் என்பதைத்தான் எல்லோரும் சொல்வோம். அதற்கு ஏழு வருடம் முன்னால், 1867-இல், வடலூரில் தருமசாலை அடுப்பை ஏற்றி வைத்துவிட்டுத்தான் அவர் அந்தக் கதவுக்குப் போனார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை, வந்தவர்களுக்கு இன்னும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. பெரியப்பா எந்த அடுப்பையும் ஏற்றி வைக்கவில்லை. அவர் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் இது ஒன்றுதான். போனதற்காக அவரை நான் இப்போது கோபிக்கவில்லை.

பகாங்கில் கம்பாங் என்ற இடத்தில் விபாசனா தியான மையம் ஒன்று இருக்கிறது. கூட வேலை செய்யும் ஒரு சீன நண்பர் போய் வந்தவர். 10 நாள் வகுப்பு, பேசக்கூடாது, படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, கைபேசியை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். கட்டணம் இல்லை. முன்னால் முடித்தவர்கள் கொடுத்த காசில் இப்போது வருகிறவர்கள் சாப்பிடுகிறார்கள். அவர் எனக்குத்தான் சொன்னார். நான் விண்ணப்பத்தைத் திறந்து, பெயர் எழுதும் இடத்தில் பெரியம்மாவின் பெயரை அடித்தேன்.

இந்த முறையைப் பரப்பிய கோயங்கா ஒரு வியாபாரி, தீராத ஒற்றைத் தலைவலிக்காகத்தான் 1955-இல் ரங்கூனில் இதைக் கற்கப் போனார். அவருடைய குரு ஊ பா கின் பர்மா அரசின் தலைமைக் கணக்காயராக இருந்தவர். இருவருமே குடும்பஸ்தர்கள். வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் இருந்தபடியே செய்தவர்கள். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "கணக்குப்பிள்ளையா?" என்று இரண்டு தடவை கேட்டார். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியார்களை நினைத்திருப்பார்.

"இந்த வயசுல எனக்கு எதுக்குய்யா? வீட்ட யார் பார்ப்பா?"

"நான் பார்த்துக்கறேன் பெரிமா."

"உனக்கு அரிசி எவ்வளவு போடணும்னே தெரியாது."

தெரியாதுதான். அந்த வாரமே கற்றுக்கொண்டேன். ஆலையில் 12 நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். எங்காவது போய்விட வேண்டும் என்று நினைத்திருந்தவன், 22 வருடத்தில் எடுத்த அந்த மிக நீண்ட விடுப்பை வீட்டிலேயே கழித்தேன்.

கோலாலம்பூர் செந்தூலில் உறவினர் வீட்டில் ஓரிரவு தங்கி, மறுநாள் அவரைக் கம்பாங்கில் கொண்டுபோய் விட்டேன். பதிவு செய்யும் மேசையில் கைபேசியை ஒப்படைத்தார். கூடவே மடியில் முடிந்து வைத்திருந்த வீட்டுச் சாவியையும் எடுத்து என்னிடம் கொடுத்தார். பெண்கள் பக்கம் தனி. கையில் பையோடு அந்தப் பாதையில் நடந்து போனவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சன்னியாசம் போகிறவரை வழியனுப்புவது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தொண்டை அடைத்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தப் பத்து நாளைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. சமைத்தேன், துணி காயப்போட்டேன், சின்னவனைப் பள்ளியில் விட்டு அழைத்து வந்தேன். சாயங்காலம் நான்கு மணி ஆனால் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று பெரியம்மாவைக் கேட்பார். மருந்துச் சீட்டு, குழாய்க்காரர், கோயில் வசூல், யாருடைய பிள்ளைக்கோ மந்திரித்துக் கட்டிய கயிறு என்று எல்லாவற்றுக்கும் பெரியம்மாவையே கேட்டு வந்தார்கள். ஒரு நாளில் எத்தனை பேர் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். என்னைக் கூப்பிடுவதைவிட அதிகம்.

பதினோராம் நாள் காலை அழைக்கப் போனேன். முகம் மெலிந்திருந்தது. காரில் ஏறி வெகுநேரம் பேசவில்லை. தெமர்லோ தாண்டும்போது ஆரம்பித்தார்.

"நாலு மணிக்கு மணி அடிப்பாங்க. எனக்கு அதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடும். பழக்கம்தானே. ஆனா நாலு மணிக்கு எழுந்து எனக்காக உட்கார்ந்தது இதுதாய்யா முதல் தடவை."

மூன்று நாள் மூச்சை மட்டும் கவனித்தாராம். முதல் இரண்டு நாளும் கண்ணை மூடினால் மரங்களே வந்தனவாம், நிரை நிரையாக. முழங்கால் வலிக்கு நாற்காலி கொடுத்தார்கள். ஏழாம் நாளில் என்னவோ நடந்தது என்றார். என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெரியப்பா ஞாபகம் வந்ததா என்று மட்டும் கேட்டேன்.

"வந்தாரு. போயிட்டாரு."

பிறகு சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார், அதைத்தான் அதிக நேரம் சொன்னார். பத்து நாளும் வேளாவேளைக்குச் சோறு தயாராக இருந்திருக்கிறது. அவர் கழுவியது தன் தட்டை மட்டும். சமைத்தவர்கள் யார் என்று தெரியாது, பேசவும் முடியாது. பத்தாம் நாள் மௌனம் கலைந்ததும் நேராக அவர்களைத்தான் தேடிப் போயிருக்கிறார். ஒருவர் ஈப்போவில் ஆசிரியை, ஒருவர் கிள்ளானில் துணிக்கடை வைத்திருப்பவர். எல்லோரும் முன்னால் இதே வகுப்பில் உட்கார்ந்தவர்கள், சம்பளம் வாங்காமல் சமைக்க வந்திருக்கிறார்கள். உட்கார்ந்தவர்தான் அடுத்த தடவை சமைக்க வரலாம்.

"முறை வச்சிருக்காங்கய்யா" என்றார். அதை இரண்டு மூன்று தடவை சொன்னார். "முறை வச்சிருக்காங்க. நான் அடுத்த தடவை அடுப்படிக்குப் போறேன். எவ்வளவு அரிசி போடணும்னு எனக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளையும் நான் இதுவரை கேட்டதில்லை என்பது பாதிப் பேச்சில் உறைத்தது. கேட்டேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"பத்து நாள் மௌனமெல்லாம் எனக்கு வேண்டாங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், சாவி எங்க, சட்டை எங்க, சார்ஜர் எங்கன்னு யாரும் என்னக் கேக்காம இருந்தா போதும்."

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவளுடையது. காலையில் பட்டர்வொர்த்துக்குப் போய் ஃபெர்ரி ஏறுகிறாள். அக்கரையில் என்ன செய்கிறாள் என்று நான் கேட்பதில்லை. ஒருமுறை தண்ணீர்மலை முருகன் கோயில் படி 513-ம் ஏறினேன் என்றாள், ஒருமுறை கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றாள். என் முறை மார்ச்சில் வருகிறது, அதே கம்பாங்கில். பெரியம்மா ஜூன் மாதத்துக்குச் சமையற்கட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

போன சனிக்கிழமை அவள் கிளம்பிப் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். பெரியம்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சின்னவன் வாசலிலிருந்து கத்தினான்.

"அம்மா! சைக்கிள் பூட்டுச் சாவி எங்க?"

"அம்மா இல்லடா. மெதுவாப் பேசு, பாட்டி உட்கார்ந்திருக்காங்க" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "இரு, நானும் வந்து தேடறேன்."